ரிலீஃப் டீச்சர்

முப்பத்திரண்டு வருடம்
நான் வெறுத்த ஒரே நோட்டு அது.
பழுப்பு அட்டை, நூலில் கட்டிய பேனா.
தலைமையாசிரியர் அறையிலிருந்து
மூன்றாம் பீரியடில் கிளம்பும்.
யாருக்கோ காய்ச்சல், யார் வீட்டிலோ துக்கம்,
என் ஒரே ஓய்வு வேளையில்
ஒன்பது 'இ'க்குப் போ என்றிருக்கும்.
கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் திட்டுவேன்.

இப்போது அந்த நோட்டே வேலையாக வந்திருக்கிறது.
மாலத்தீவில் ஒரு தீவு.
மஞ்சக்குப்பத்து ஏஜென்ட் பையன்
அதன் பெயரைச் சொல்வதற்குள்
மூன்று முறை தடுக்கி விழுந்தான்.
அங்கே வேதியியல் எடுப்பவளுக்கு ஏழாம் மாதம்.
முகம் தெரியாத ஒருத்தியின் வயிறுதான்
ஐம்பத்தொன்பது வயதில் என் நியமன ஆணை.
குழந்தை முந்திக்கொண்டால்
டிக்கெட்டை மாற்ற வேண்டுமாம்.
போன வாரத்திலிருந்து அவளுக்காக
பாடலீஸ்வரருக்கு விளக்குப் போடுகிறேன்,
எண்ணெயில் பாதி சுயநலம்.

ஏன் போகிறாய் என்பவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன்.
வங்கியில்: மகன் வாங்கிய கடன்.
நாத்தனாரிடம்: சும்மா, ஒரு வருஷம், ஊர் பார்க்க.
பக்கத்து வீட்டு ரமீஜாவிடம் மட்டும்
தெரியலடி என்றேன்.
அவள் தலையாட்டிவிட்டு
சங்கரா மீன் குழம்பு ஒரு கிண்ணம்
வைத்துவிட்டுப் போனாள்.

வீடியோவில் நேர்காணல்.
ஆய்வக அனுபவம் உண்டா என்றார் முதல்வர்.
நாக்கு நுனிவரை வந்தது:
ஐயா, எங்கள் முதுநகர்ப் பள்ளியில்
கந்தகப் பாடத்துக்குக் குடுவையே வேண்டாம்,
தெற்குக் காற்று திரும்பும்வரை காத்திருந்து
ஜன்னலைத் திறந்தால் போதும்.
சிப்காட் வாசத்தில்
ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு
மறு கையால் சமன்பாடு எழுதுவார்கள்.
அழுகின முட்டை மிஸ் என்று கத்தும் கடைசி பெஞ்ச்.
நானும் சிரித்திருக்கிறேன்.
அந்தக் காற்றில் உட்கார வைத்து
அதற்கே மதிப்பெண்ணும் போட்டேன் என்பது
தூக்கம் வராத இரவுகளில்தான் உறைக்கும்.
போதிய அனுபவம் உண்டு, சார் என்றேன்.

இடப்பெயர்ச்சி வினைக்கு
மயில்துத்தக் கரைசலில் ஓர் இரும்பாணி.
அரை மணியில் நீலம் வெளுக்கும்,
ஆணிமேல் செம்பு ஏறும்.
எல்லோரும் செம்பைத்தான் பார்ப்பார்கள்.
சோனாங்குப்பத்து அஞ்சாப்புலி ஒருவன் மட்டும்
"அங்க இருந்த இரும்பு எங்க மிஸ் போச்சு?"
தண்ணிக்குள்ளடா.
"திரும்ப எடுக்க முடியுமா?"
மணி அடித்துவிட்டது.

முப்பது கிலோதான்.
புளி, வடகம், மூட்டுவலித் தைலம்,
நூற்று மூன்றோடு நின்றுபோன
என் பழைய தனிம அட்டவணை, சுருட்டி.
சமையலறையில் மாசிலாமணி
மாவரைக்கப் பழகுகிறார்.
நாலுக்கு ஒன்று, வெந்தயம் ஒரு ஸ்பூன்
என்று எல்ஐசி டைரியில் எழுதி
அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறார்.
முதல் நாள் மாவு பொங்கி
மேடையெல்லாம் வழிந்து தரைவரை வந்தது.
இருவரும் ஒன்றும் சொல்லாமல் துடைத்தோம்.

அனுமதிக் கடிதத்தில்
குணபூஷணியில் ஓர் எழுத்தைக் காணோம்.
விடுங்க, அங்க எப்படியும் மிஸ்தானே
என்கிறான் பையன்.

நுழைந்ததும் அங்கே யாரும்
பாடத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.
ஒன்பது 'இ'யும் கேட்டதில்லை.
எங்க மிஸ் எப்ப வருவாங்க?
அதற்கு மட்டும்
அவர்கள் மொழியில் ஒரு வாக்கியம்
ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டு
கெடிலம் பாலத்தில் நடந்தபடி
சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.
மணல் லாரிக்காரன் ஹாரன் அடித்துப் போகிறான்.
கடைசிச் சொல்லில்
நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை.